எங்களுக்குப் பின்னால் வந்தவரை ஏன் முதலில் பார்த்தார்கள்?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் கொல்லங்கோடு பக்கம். சில வாரங்களுக்கு முன் விடியற்காலையில் என் மாமியாருக்கு மேல்வயிற்றில் வலி, வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை. வயது 67, பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உண்டு. கேஸ் என்று நினைத்து ஓமம் போட்ட வெந்நீர் கொடுத்தோம். குறையவில்லை. ஆட்டோ பிடித்து கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் கேஷுவாலிட்டிக்குப் போனோம். "கேஸ் தொந்தரவு" என்று சொன்னதும் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இடையில், ரப்பர் வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்துவிட்டது என்று ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். தானாக நடந்துதான் வந்தான். அவனை நேராக உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அதன் பிறகே மாமியாருக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எடுத்ததும் ஒரே பரபரப்பு. மாரடைப்பு என்று திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்டென்ட் வைத்து, இப்போது வீட்டில் இருக்கிறார். என் கேள்வி இதுதான்: ஆள் தெரிந்தவர்களைத்தான் முதலில் பார்ப்பார்களா? நன்றாக நடக்கும் மருத்துவமனைகளில் எப்படிச் சீக்கிரம் பார்க்கிறார்கள்? நாங்கள் வேறு என்ன செய்திருக்க வேண்டும்?
– ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மாமியார் வீடு திரும்பிவிட்டார் என்ற செய்தியைப் படித்த பிறகுதான் மற்ற வரிகளை நிதானமாகப் படிக்க முடிந்தது. உங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். அந்தப் பையனை முதலில் உள்ளே கொண்டுபோனது சரி. உங்கள் மாமியாரை முக்கால் மணி நேரம் பெஞ்சில் வைத்திருந்தது தவறு. அவன் முந்திக்கொண்டதால் இவர் பிந்தினார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவன் அன்று வராமலே இருந்திருந்தாலும் உங்கள் மாமியார் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்.

முதலில் அந்தப் பையன். பாம்பு கடித்தவர் நடந்து வருவதை வைத்து அவருக்கு ஒன்றுமில்லை என்று எந்த அவசர சிகிச்சை மருத்துவரும் நினைக்க மாட்டார். கட்டுவிரியன் கடித்த இடத்தில் பல் தடம்கூடத் தெரியாது. சில மணி நேரத்தில் இமை சரியும், பேச்சு குழறும், மூச்சு நின்றுபோகும். கண்ணாடிவிரியன் கடித்தால் ரத்தம் உறையும் தன்மையை இழந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க உலகம் முழுவதும் நம்பும் சோதனை மிக எளிமையானது. 2 மில்லிலிட்டர் ரத்தத்தை உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்த ரத்தம் அப்படியே நிற்கும். உறையாத ரத்தம் தண்ணீர் போல ஓடும். ஓடினால் விஷமுறிவு மருந்தை உடனே ஏற்ற வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவியதாகவும் இருக்கக் கூடாது. இரண்டுமே முடிவைக் கெடுத்துவிடும். எந்தப் பெரிய டாக்டர் வந்தாலும் அந்த 20 நிமிடத்தை 15 ஆக்க முடியாது. ஆகவே அவன் வாசலில் கால் வைத்ததுமே ரத்தம் எடுத்தாக வேண்டும். அவனை உள்ளே கொண்டுபோன வேகத்துக்குக் காரணம் இதுதான். ஆள் தெரிந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குழாயை மேசையில் நிறுத்திய பிறகு ஒருவர் அவன் மூச்சையும் இமையையும் கவனித்துக்கொண்டால் போதும். இன்னொரு நர்ஸ் அந்த நேரத்தில் உங்கள் மாமியாருக்கு ஈ.சி.ஜி. எடுத்திருக்கலாம். அதற்கு 5 நிமிடம்கூட ஆகாது. அவசர சிகிச்சைப் பிரிவின் வேகம் என்று நான் சொல்வது இதைத்தான். யாரும் மூச்சிரைக்க ஓட வேண்டியதில்லை. ஒருவருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இன்னொருவரின் வேலை நடக்க வேண்டும்.

இனி வரிசை பற்றி. ஓ.பி.யில் சீட்டு எண்தான் வரிசை. அவசர சிகிச்சையில் ஆபத்தின் அளவே வரிசை. நோயாளி வந்ததும் அனுபவமுள்ள ஒரு நர்ஸ் வாசலிலேயே இரண்டு மூன்று நிமிடத்தில் அவரை எடைபோட வேண்டும்: மூச்சு எப்படி இருக்கிறது, நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, நினைவு, வலி. இதை மருத்துவமனைகளில் ட்ரையாஜ் என்பார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'தாய்' என்ற பெயரில் நடக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பகுதி பிரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் 5 படிகள் வைத்திருக்கிறார்கள்: முதல் படியில் உள்ளவரை அந்தக் கணமே பார்க்க வேண்டும், இரண்டாம் படிக்கு 10 நிமிடம், அடுத்தடுத்து 30, 60, 120 நிமிடங்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் முறையும் 5 நிறங்களில் இதே போலத்தான். எந்த முறையாக இருந்தாலும் அதில் ஒரு பாதி நம் ஊர்களில் விட்டுப்போய்விடுகிறது. பெஞ்சில் உட்கார வைத்தவரை மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்பதே அது. பச்சை என்று உட்கார வைத்தவர் அரை மணியில் சிவப்பாகலாம். வாசலில் ஒரு தடவை பார்த்ததோடு கடமை முடிந்தது என்று இருக்கும் இடத்தில் பெஞ்சு ஆபத்தான இடம்.

உங்கள் மாமியார் விஷயத்தில் பிசகு தொடங்கியது அந்தக் "கேஸ்" என்ற சொல்லில். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தலைமுறை தலைமுறையாக மேல்வயிற்று வலிக்கு நம் வீடுகளில் வைத்திருக்கும் பெயர் அது. நோயாளி எந்தப் பெயர் சொன்னாலும், சர்க்கரை உள்ள 67 வயதுப் பெண் வியர்த்து, வாந்தி எடுத்து வந்தால் இதயத்தைப் பார் என்று அந்த மேசையில் இருந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை, நெஞ்சு வலியை உணர்த்தும் நரம்புகளை மழுங்கச் செய்துவிடும். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் மாரடைப்பு பல நேரம் மூச்சிரைப்பாகவும், களைப்பாகவும், வயிற்றுப் புரட்டலாகவும்தான் வருகிறது. தாடைக்கும் தொப்புளுக்கும் இடையில் புதிதாக ஒரு வேதனை, கூடவே வியர்வை என்றால் வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து ஒரு மருத்துவர் பார்த்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட விதி.

அந்த 10 நிமிடத்தைக் காப்பாற்றும் மருத்துவமனைகள் என்ன செய்கின்றன? டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகுதான் ஈ.சி.ஜி. என்ற வழக்கத்தை ஒழித்துவிட்டன. இன்ன அறிகுறி என்றால் ஈ.சி.ஜி., மயங்கியவர் என்றால் விரல் நுனியில் சர்க்கரை, எலும்பு முறிவு என்றால் வலி மருந்து என்று நிலையான உத்தரவு எழுதி நர்ஸ்களின் கையில் கொடுத்திருக்கின்றன. நர்ஸ் எடுத்த தாளை, டாக்டர் வேறொரு நோயாளிக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாலும் அவர் கண்ணெதிரே நீட்டுவார். டாக்டர் பத்து விநாடி பார்த்துவிட்டு "இவரை உடனே உள்ளே கொண்டுவாருங்கள்" என்பார், அல்லது "அடுத்து பார்க்கிறேன்" என்று கையெழுத்திடுவார். நர்ஸை நம்பி அதிகாரம் கொடுக்காத மருத்துவமனை எத்தனை கோடி ரூபாய்க்கு இயந்திரம் வாங்கினாலும் வேகமாகாது. எல்லையின் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

மந்தமான மருத்துவமனையில் ஒவ்வொன்றும் மற்றொன்றின் பின்னால் நிற்கும். சீட்டு எழுதி, பணம் கட்டி, டாக்டர் பார்த்து, ரத்தம் எடுத்து, ரிப்போர்ட் வந்து, பிறகு ஸ்பெஷலிஸ்ட்டுக்குப் போன். கல்யாண வீட்டில் சாதம் வெந்து இறங்கட்டும், அப்புறம் பருப்பை ஏற்றலாம் என்று எந்தச் சமையல்காரரும் நிற்பதில்லை. எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் எரியும். நல்ல அவசர சிகிச்சைப் பிரிவிலும் அப்படித்தான். ஒருவர் ஊசி போடும் வழியைத் திறக்கும்போதே ரத்தம் எடுத்துவிடுவார், இன்னொருவர் மானிட்டரை மாட்டுவார், டாக்டர் குடும்பத்தாரிடம் கேள்வி கேட்டுக்கொண்டே வயிற்றில் ஸ்கேன் கருவியை வைப்பார், சீட்டு எழுதுபவர் படுக்கைக்கே வந்து பெயர் கேட்பார்.

இதை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பின்லாந்தின் ஹெல்சிங்கி. பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நோயாளி வாசலுக்கு வந்ததிலிருந்து ஊசி ஏறும் வரை அங்கே 1998 இல் 105 நிமிடம் ஆனது. 2011 இல் அது 20 நிமிடமாகக் குறைந்தது. புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆம்புலன்ஸிலிருந்தே முன்கூட்டித் தகவல் சொல்ல வைத்தார்கள். நோயாளியின் பழைய மருத்துவ விவரங்களை அவர் வருவதற்குள்ளேயே எடுத்து வைத்தார்கள். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரை நேராக சி.டி. ஸ்கேன் அறைக்கு உருட்டினார்கள். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்றதும் அந்த மேசையிலேயே ஊசி போட்டார்கள். குறைந்த 85 நிமிடமும் முன்பு வராந்தாவிலும் லிஃப்ட் வாசலிலும் போன் முனையிலும் கழிந்துகொண்டிருந்த நேரம்.

சின்னக் காயம், காய்ச்சல், கணுக்கால் சுளுக்கு போன்றவர்களுக்கு ஓர் அறையும் ஒரு மருத்துவரும் தனியாக ஒதுக்கிவிட்டால் அவர்களும் சீக்கிரம் போய்விடுவார்கள், பெரிய நோயாளிகளுக்கும் இடம் கிடைக்கும். இதைப் பல இடங்களில் செய்கிறார்கள். நல்ல பலன் உண்டு.

ஆனால் நான் அதிகம் கோபப்படும் இடம் வேறு. வாசலில் தாமதம் என்று நாம் பார்ப்பதன் வேர் பெரும்பாலும் மேல்மாடி வார்டில் இருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்து முடித்து, அட்மிஷன் என்று எழுதிய நோயாளிக்கு மேலே படுக்கை கிடைப்பதில்லை. அவர் கீழேயே ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார். காலையில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டவரின் டிஸ்சார்ஜ் தாள் மாலை வரை தயாராவதில்லை. பில் போடுபவர் சாப்பிடப் போயிருப்பார், மருந்து கணக்கு சரிபார்க்க வேண்டும் என்பார்கள், இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வர வேண்டும் என்பார்கள். அந்த ஒரு படுக்கை காலியாகாததால் கீழே ஒரு ஸ்ட்ரெச்சர் காலியாவதில்லை. ஸ்ட்ரெச்சர் இல்லாததால் உங்கள் மாமியார் போன்றவர்கள் பெஞ்சில் இருக்கிறார்கள். இது வெறும் அசௌகரியம் அல்ல. படுக்கைக்காக 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் அவசரப் பிரிவிலேயே காத்திருந்தவர்களில் 82 பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாக இறந்தார்கள் என்று இங்கிலாந்தில் 2022 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2004 முதல் அந்த நாட்டில் 4 மணி நேர விதி உண்டு. வந்தவரை அதற்குள் அனுமதிக்க வேண்டும், மாற்ற வேண்டும், அல்லது வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அது வந்த காலத்தில், கேஷுவாலிட்டி என் கவலை இல்லை என்றிருந்த வார்டு மருத்துவர்களும் நிர்வாகிகளும் காலையிலேயே படுக்கைகளைக் காலி செய்யத் தொடங்கினார்கள். நெருக்கடி முற்றிய பிறகு இன்று அந்த விதியை அவர்களாலேயே காக்க முடியவில்லை. என்றாலும் கேஷுவாலிட்டி டாக்டரை மட்டும் விரட்டி வேகத்தைக் கூட்ட முடியாது என்பதை அது அங்கே எல்லோருக்கும் புரிய வைத்தது. நம் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு இது புரியும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

அடுத்து, நீங்கள் என்ன செய்திருக்கலாம் என்பது. நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. களியக்காவிளையில் நின்று பார்த்தால் நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம், 30 கிலோமீட்டர் சொச்சம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜா, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜா என்று நடு இரவில் வீட்டு முற்றத்தில் வாக்குவாதம் நடப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்த முடிவை நோய் வராத நாளில் எடுத்து வையுங்கள். உங்கள் வீட்டிலிருந்து எந்த மருத்துவமனையில் இரவிலும் ஆஞ்சியோ நடக்கிறது, எங்கே சி.டி. ஸ்கேன் 24 மணி நேரமும் உண்டு, உங்கள் காப்பீட்டு அட்டை எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கே செல்லும் என்று ஒரு பகலில் போன் செய்து கேட்டு எழுதி வையுங்கள்.

மாரடைப்பு என்றால் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று பக்கத்தில் இருப்பதைத் தாண்டிப் போகவும் வேண்டாம். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள். ஸ்டென்ட் வைக்கும் இடத்துக்கு 2 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்து சிகிச்சை தொடங்க முடியாது என்று தெரிந்தால், முதலில் போகும் மருத்துவமனையிலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை. "இங்கே ஊசி போட்டு அனுப்புவீர்களா, போடாமல் அனுப்புவீர்களா? போகிற இடத்துக்குத் தகவல் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்பது உங்கள் உரிமை. தகவல் சொல்லாமல் அனுப்பினால் அடுத்த வாசலிலும் ஒரு பெஞ்சு காத்திருக்கும்.

ஆட்டோவைவிட 108 நல்லது. ஆக்சிஜனும் பயிற்சி பெற்றவரும் கூட வருவார்கள், முன்கூட்டித் தகவலும் போகும். எல்லையோரத்தில் கைபேசி எந்த மாநில டவரைப் பிடித்திருக்கிறதோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போய்விடக்கூடும். எடுத்ததும் மாநிலம், மாவட்டம், ஊர், பக்கத்துக் கோயிலோ சர்ச்சோ என்ற வரிசையில் சொல்லுங்கள்.

வாசலில் ஒருவர் மட்டும் பேசுங்கள். நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், உடம்பில் கண்டதைச் சொல்லுங்கள். "67 வயது, சர்க்கரை உண்டு, நாலரை மணியிலிருந்து மேல்வயிற்று வலி, சட்டை நனையும் அளவுக்கு வியர்வை, இரண்டு தடவை வாந்தி." இவ்வளவும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பக்கவாதம் என்றால் இன்னொன்றும் வேண்டும்: கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள். அந்த நேரம் தெரியாவிட்டால் ஊசி போடலாமா என்ற முடிவே சிக்கலாகிவிடும். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பழைய ஈ.சி.ஜி. தாளையும் கையோடு கொண்டுபோங்கள். உட்கார்ந்திருக்கும்போது வலி கூடினாலோ, மூச்சு வாங்கினாலோ, முகம் வெளுத்தாலோ எழுந்து போய்ச் சொல்லுங்கள். தொந்தரவு செய்கிறோமே என்ற கூச்சமே வேண்டாம். ஆனால் பத்துப் பேர் உள்ளே நுழைந்து மேசையைத் தட்டும்போது நர்ஸின் கவனம் நோயாளியை விட்டு உங்கள் மேல் திரும்பிவிடும். அதனால் இழப்பு உங்களுக்கே.

பணம் கட்டினால்தான் தொடுவோம், போலீஸ் வந்தால்தான் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள். விபத்தில் அடிபட்ட ஒரு ஸ்கூட்டர் ஓட்டுநரை, போலீஸ் வழக்குகளைப் பார்க்க இங்கே அனுமதியில்லை என்று 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனைக்கு அனுப்பி, அவர் வழியிலேயே இறந்த செய்தியை வைத்து வந்த வழக்கில், உயிரைக் காப்பதே முதல் கடமை, அது அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1989 இல் தீர்ப்பளித்தது. சாலை விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால், அடிபட்டவர் கேரளக்காரராக இருந்தாலும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய இந்தத் திட்டம் எல்லையோர மக்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மாமியாருக்கு இப்போது செய்ய வேண்டியது: டிஸ்சார்ஜ் தாளில் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள் எழுதியிருப்பார்கள். பல் பிடுங்குவதற்கோ வேறு எதற்கோ அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும். கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி.யைப் படமெடுத்து வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஏதாவது என்றால், புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மருத்துவர் பாதி நேரத்தில் முடிவெடுப்பார்.

அந்த மருத்துவமனை மீது புகார் எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. நான் எழுதச் சொல்கிறேன். சண்டைக்காக வேண்டாம். சீட்டில் நீங்கள் வந்த நேரம் இருக்கும், ஈ.சி.ஜி. தாளின் மேல் மூலையில் எடுத்த நேரத்தை இயந்திரமே அச்சடித்திருக்கும். அந்த இரண்டு நேரத்தையும் குறிப்பிட்டு, இடையில் இவ்வளவு நிமிடம் ஏன் ஆனது, நெஞ்சிலும் மேல்வயிற்றிலும் வலியோடு வருபவர்களுக்கு உங்கள் கேஷுவாலிட்டியில் நர்ஸே ஈ.சி.ஜி. எடுக்கும் நிலையான உத்தரவு இருக்கிறதா என்று மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் என்பதால் மலையாளத்தில் ஒரு பிரதியும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வந்தால் எனக்கும் தெரிவியுங்கள்.